சிவப்பைத் தொடாத முள்

கட்டினவர் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அதனால் எழுதியே விடுகிறேன்: வைத்தியலிங்கம். திருக்கனூர் கடைத்தெருவில் பச்சைப் பெயின்டில் பலகை மாட்டி, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர். நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்தினவர்களுக்குத்தான் தெரியும்.

என் மாமனாருக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். மூத்த பிள்ளை தராசடியில் உட்கார்ந்துவிட்டார். இளையவரான இவரோ மூட்டை எடை போடுகிற நேரத்திலும் யாராவது ஒருவர் வீட்டு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். இவன் இதுக்கு லாயக்கில்லை என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டு, மண்டியின் முன்பக்கத்தில் பத்தடி இடம் ஒதுக்கிக் கொடுத்தார். எண்பத்திரண்டாம் வருஷம் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து, கேசட்டில் பதிகிற ஜப்பான் டெக் ஒன்று இவர் வாங்கிவந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். எங்கள் பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு பதனமாகத் தூக்கவில்லை.

அந்த டெக்கின் முகத்தில் இரண்டு சின்னக் கண்ணாடிச் சன்னல். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முள். சத்தம் உள்ளே போனால் முள் வலப்பக்கம் துள்ளும். வலக்கோடியில் சிவப்புக் கோடு. கீழே ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட திருகு. அந்தத் திருகை எந்த எண்ணில் வைப்பது என்பதில்தான் அவருடைய படிப்பு, பக்தி, கர்வம் எல்லாம் இருந்தது.

"கோகிலா, பால் காய்ச்சற மாதிரிதான் இது" என்பார். "சின்னப் பாத்திரத்துல வெச்சா பொங்கி வழிஞ்சிடும். பொங்கறதுக்கு மேல எடம் வுடணும். அதுக்காக அண்டாவுல ஒரு ஆழாக்குப் பால ஊத்தினா? அடியிலியே ஒட்டிக்கினு போயிடும், ஒண்ணியும் தேறாது."

சத்தம் அளவுக்கு மேலே ஏறினால் முள் சிவப்பில் போய் முட்டும். கேசட்டில் குரல் கரகரவென்று உடைந்து விழும். ரொம்பக் குறைத்து வைத்தாலோ டேப்புக்கென்றே பிறவியில் ஒரு இரைச்சல் இருக்கிறது, உஸ்ஸென்று, அது குரலை விழுங்கிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றிக் கேட்டாலும் குரலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். பதியும்போது விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சோறு போடும்போதும் இதையே பேசுகிற ஒருவருக்கு வாக்கப்பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். கேசட் உறைக்குள் வைக்கிற அட்டையில் பாட்டு வரிசையை எழுதுவது என் வேலை. அதனால் கடையின் முன்பக்கத்தில் நானும், பின்பக்கத்து அறையில் அவரும் டெக்கும். அந்த அறையின் சுவரெல்லாம் பழைய கம்பளியும் முட்டை அட்டையும் ஒட்டியிருந்தார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கவாம். கரப்பான்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

பாட்டுப் பதிகிறவர்கள் பாதி என்றால், பேச்சுப் பதிகிறவர்கள் பாதி. குவைத்துக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். மண்ணாடிப்பட்டு, கொடுக்கூர், சோம்பட்டு என்று சுற்றுப்பட்டில் இருந்து எல்லாரும் எங்கள் கடைக்கே வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. வைத்தி கடையில் பேசினால் வெளியே போகாது.

அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். வந்தவரை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, "உங்க பேரு, ஊரு சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்லும்போது முள் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்துத் திருகை வைப்பார். பதிகிற பொத்தானை அழுத்தி, அதே பேரையும் ஊரையும் மறுபடி சொல்லவைப்பார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, தெருவைப் பார்த்தபடி நிற்பார். காதில் போட்டுக் கேட்கிற கருவி உள்ளேயே தொங்கும். பேசி முடித்தவர்கள் கதவைத் தட்டினால் போவார். திரும்பப் போட்டுக் கேட்டுச் சரிபார்ப்பதும் முதலில் சொன்ன பேரையும் ஊரையும் மட்டும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடுவதற்குள் நிறுத்திவிடுவார்.

"மீதிய கேட்டா இன்னா? குடியா முழுகிப்பூடும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது அவங்க சொத்து. நம்ம சொத்து பேரும் ஊரும் வரைக்கும்தான்" என்றார்.

அவர் வைத்திருந்த இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். கடை திறந்த வருஷம் மண்ணாடிப்பட்டிலிருந்து காசம்மாள் என்று ஒரு அம்மா வந்தது. புருஷன் செத்துப்போன சேதியைத் துபாயில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்ல வந்தது. பேரும் ஊரும் நிதானமாகத்தான் சொன்னது. உள்ளே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அழுவதென்றால் வாய்விட்டுத்தான் அழுவார்கள். அதற்கு ராகம் உண்டு, வரிகள் உண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கும். முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். 'யாரோ அம்மா கழுத்தை நெரிக்கிற மாதிரி கேட்குது, ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல' என்று அந்தப் பிள்ளை கடைக்கே கடிதம் போட்டான்.

அன்றைக்கு முடிவு பண்ணினார். அம்மாக்கள் எல்லாரும் கடைசியில் அழுவார்கள். அதனால் அம்மாக்கள் வந்தால், பேரும் ஊரும் சொல்லும்போது எந்த எண் சரியாக வருகிறதோ அதிலிருந்து இரண்டு எண் கீழே. அழுகைக்கு இடம்.

கடையின் முன்பக்கத்தில் பாட்டுப் போடுவதற்கென்று, ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் பெட்டி இருந்தது. அதில் திருகும் கிடையாது, முள்ளும் கிடையாது. சத்தம் குறைந்தால் அதுவே ஏற்றிக்கொள்ளும், கூடினால் அதுவே இறக்கிக்கொள்ளும். பேச்சு கேசட்டுக்கு அதை வைத்தால் போதாதா என்று நான் கேட்டதுண்டு.

"அது கண்ணு தெரியாத பொட்டி. ஆள் பேச்ச நிறுத்தினா, காக்கா கத்தறத, பஸ்ஸு போறத எல்லாம் தூக்கிக் குடுக்கும். குரல் மேல ஏறி எறங்கறதே போயிடும். அம்மா மெதுவா பேசினா மெதுவாதான் கேக்கணும், அதான பேச்சு?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அவர் சொல்வது எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் கோளாறு.

எண்பத்துநாலு மாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு தனக்கொடி அம்மா வந்தது. சோம்பட்டு. நடவு, களை, கரும்பு வெட்டு என்று எந்த வேலைக்கும் போகிற கை. விரல் முட்டியெல்லாம் காய்த்திருந்தது. சின்ன மகன் வீரப்பன் குவைத்தில் வேலை செய்கிறான், அவனுக்குப் பேச வேண்டும் என்றது. கொடுக்கூர்க்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டுமாம்.

"இது ரொம்ப முக்கியமான சேதி தம்பி. நான் பேசறது எம் புள்ள காதுக்கு மட்டும் போவணும்."

"எங்காதுக்கே போவாதும்மா. இன்னா பேசினாலும் நான் வெளியதான் நிப்பன்."

"அதான் உங்கிட்ட வந்தன்."

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் பேரும் ஊரும் சொல்லச் சொன்னார். வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில், "தனக்கொடி! சோம்பட்டு!" என்று சொன்னது. முன்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முள் சிவப்புக்குள் பாய்ந்திருக்கும். திருகை ஐந்துக்கு இறக்கி, மறுபடி சொல்லச் சொல்லி, பிறகு அம்மாக்களுக்கான இரண்டு எண்ணையும் கழித்து மூன்றில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"பேச்சே இந்தக் கனம்னா, அழுதா எப்படி இருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

இருபது நிமிஷம் ஆகியும் உள்ளேயிருந்து அழுகை கேட்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. முட்டை அட்டை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேனோ என்னவோ.

கதவு தட்டப்பட்டது. இவர் உள்ளே போய், டேப்பைச் சுற்றி, போட்டார். தனக்கொடி, சோம்பட்டு. கணீரென்று வந்தது. நிறுத்திவிட்டார்.

"எல்லாம் விழுந்துடுச்சா தம்பி?"

"சுத்தமா விழுந்துடுச்சும்மா. முள்ளு சிவப்ப தொடவே இல்ல."

அட்டையில் வீரப்பன் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதில் கேசட்டை வீட்டுக்கு அனுப்பாமல் எங்கள் கடை விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா போயிற்று.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வரும். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காது, நடந்தே வரும். வாசலில் செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு, "வந்துச்சா தம்பி?" என்று கேட்கும். இல்லை என்று தெரிந்ததும் உடனே போகாது. டெக் இருக்கிற அறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பங்குனி நடுவில் ஒருநாள் முகம் வெளுத்து வந்தது. "பெரியவனுக்கு லெட்டர் வந்துதாம் தம்பி. சின்னவன் சரின்னு எழுதிட்டானாம். அப்ப என் கேசட்டு இன்னாச்சு?"

எதற்குச் சரி என்று இவர் கேட்கவில்லை. கேட்பாரா? அது அவங்க சொத்தாயிற்றே. நாள்காட்டியை எடுத்து விரல்விட்டு எண்ணினார். "லெட்டர் வரதுக்கு இருவது நாள் ஆவும்மா. உங்க கேசட்டு போயி சேந்தே அவ்ளோ நாள்தான் ஆவுது. அவரு அத்த கேக்கறதுக்கு முன்னாடி போட்ட லெட்டரா இருக்கும். கேட்டாருன்னா மாத்தி எழுதுவாரு."

"நெசமாவா?"

"பதிவுல ஒரு கொறையும் இல்லம்மா. என் கையால பண்ணது. தெகிரியமா போங்க."

அந்த அம்மா முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்தேன். "அப்ப நான் எதுவும் பேசிக்காம இருந்துக்கறன். மண்ணாடிப்பட்டுல எங்க அண்ணன் இருக்குது, அது கால்ல போயி வுழலாமான்னு பாத்தன். வாணாம். சின்னவன் பதிலு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனது. இந்த வார்த்தைகளை நான் மறந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு ஆள் வந்து, தங்கச்சி கல்யாணத்துக்குக் குழாய் ஒலிபெருக்கியில் போட மங்கலமான பாட்டாக இரண்டு கேசட் வேண்டும் என்றார். சத்தம் நன்றாக ஏற்றிப் பதியச் சொன்னார். இவர் முறைப்படியே பதிந்து கொடுத்தார். கேசட் உறையில் மணமக்கள் பெயரை எழுதித் தரும்படி வந்தவர் என்னிடம் கேட்டார். ஜெயா – நடேசன் என்று பூக்கொடி வரைந்து எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதறீங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். தனக்கொடி அம்மாவின் பெரிய மகன் மாரிமுத்து அவர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வைகாசியில் தபால்காரர் ஒரு சின்னப் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். மெட்ராஸில் சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு கேசட். என் கையெழுத்தில் வீரப்பன் என்ற பெயர். நாங்கள் அனுப்பிய அதே கேசட், அதன் மறுபக்கத்தில் பேசி அனுப்பியிருந்தான். மூன்று வாரமாக அந்த அம்மா கடைப்பக்கம் வரவேயில்லை. சோம்பட்டு ஆள் ஒருவரிடம் சொல்லியனுப்பினோம்.

மறுநாள் மதியம் வந்தது. எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. இவர் சந்தோஷமாகக் கேசட்டை டெக்கில் போட்டு, எப்போதும் போலக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரக் கிளம்பினார்.

"இரு தம்பி. நீயும் வாம்மா" என்று என்னையும் கூப்பிட்டது. "இனிமே மறைக்கறதுக்கு இன்னா இருக்குது."

நாங்கள் நின்றோம். வீரப்பன் பேசினான். அங்கே ஏதோ ஒரு டூ-இன்-ஒன் பெட்டியில் பதிந்திருக்கிறான். மின்விசிறி சத்தம், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், வெளியே வண்டி போகிற சத்தம் எல்லாம் சேர்ந்து கேட்டது. ஆனால் ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை.

"எம்மா, நல்லா கீறியா? நீ குடுத்தனுப்புன கேசட்டு வந்துது. உன் பேரும் ஊரும் கேட்டுதுமா, அதுக்கப்பறம் ஒண்ணியும் கேக்கல. மழ பேயற மாதிரி உஸ்ஸுன்னு ஓடுது. ரூம்ல ஆறு பேரு இருக்கறம், எல்லாரும் ஆளாளுக்கு காத வெச்சி பாத்தாங்க. நீ உள்ள பேசறன்னு தெரியுது. இன்னா பேசறன்னு தெரியல. பொட்டிய நெஞ்சு மேல வெச்சிக்கினே ரெண்டு நாள் படுத்துக் கெடந்தன். ஜெயா கல்யாண விசயமாதான் இருக்கும்னு தோணுச்சு. அண்ணன் லெட்டர்ல, அம்மாக்கு முழு சம்மதம், நீ சரின்னு சொல்ல வேண்டியதுதான் பாக்கின்னு எழுதியிருந்துது. உனக்கு வாணாம்னா நீ அழுதிருப்பியேமா. அழுத சத்தம் ஒண்ணும் கேக்கல. அதான் சரின்னு எழுதிட்டன். நான் பண்ணது சரிதானம்மா? அத்த மட்டும் ஒரு வார்த்த சொல்லு."

பிறகு கூட இருக்கிறவர்கள், சாப்பாடு, வெயில் என்று என்னென்னவோ பேசினான். இவர் அதையெல்லாம் கேட்கவில்லை. டேப்பை நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபக்கம் திருப்பிப் போட்டார். தனக்கொடி, சோம்பட்டு. அதற்குப் பிறகு உஸ்ஸென்ற இரைச்சல். சத்தத்தை ஏற்றினார், இரைச்சலும் கூடவே ஏறியது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து டேப் உரசுகிற இடத்தைத் துடைத்தார். மறுபடி போட்டார். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு மட்டும் அசைந்தது, கிணற்றுக்குள் யாரோ பேசுவதைத் திருப்பிச் சொல்ல முயற்சி பண்ணுகிறவர் மாதிரி.

"வுடு தம்பி. நான்தான சொன்னன், எனக்குத் தெரியாதா" என்றது அந்த அம்மா.

அப்புறம் அதுவே சொன்னது. மாரிமுத்துவுக்குப் பெண் எடுத்த வீடு மடுகரை. பெண் கொடுத்த வீட்டுக்குத் திரும்பிப் பெண் கொடுக்க வேண்டும் என்று அப்போதே பேச்சு. மருமகளின் தம்பி நடேசனுக்கு ஜெயாவைக் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் மருமகளை இரண்டு குழந்தைகளோடு திரும்பக் கூட்டிப்போய்விடுவோம் என்றார்கள். நடேசனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், பிடிக்கவில்லை என்று அவளாகப் போய்விட்டாள் என்பது அவர்கள் சொன்ன கதை. தை மாதம் இந்த அம்மா மடுகரையில் நடவுக்குப் போன இடத்தில், பக்கத்தில் நின்று நடவு நட்டவளே அந்த முதல் பெண்டாட்டிதான். இடது கை முழங்கையில் திரும்பிப்போய் இருந்ததாம். ஒரு கையால் நாற்று முடியைப் பிரித்து, மறு கையால் நட முடியாமல், கூடப்போனவர்கள் பிரித்துக் கொடுக்க நட்டாளாம். நடேசன் உலக்கையால் அடித்ததை அவள் வாயாலேயே கேட்டுவிட்டு வந்திருக்கிறது.

மருமகள் இருக்கிற வீட்டில் இதைப் பேச முடியாது. மாரிமுத்து நம்ப மாட்டான், நம்பினாலும் பெண்டாட்டியை இழக்கத் துணிய மாட்டான். கடிதம் எழுதித் தருகிற ஆள் மாரிமுத்துவின் சேக்காளி. சின்னவன் வேண்டாம் என்று சொன்னால்தான் நிற்கும், நகை போடுகிறவன் அவன்தானே. அதனால்தான் கேசட்.

"அன்னிக்கி உள்ள வந்து உக்காந்தப்ப கதவு சந்துல பாத்தன். வெளிய பெஞ்சில எங்க ஊருக்காரி ஒருத்தி உக்காந்திருந்தா. எம் மருமவளுக்கு சினேகிதி. அதான் முந்தானைய வாயில வெச்சி மறைச்சிக்கினு மெதுவா பேசினன். அழுகை வந்துது. அழுதா வெளிய கேட்டுடுமேன்னு அத்தயும் முழுங்கிக்கினன். நான்தான் தப்பு பண்ணிட்டனா தம்பி? சத்தமா பேசியிருக்கணுமா?"

இவர் திருகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அன்றைக்கு எந்த எண்ணில் இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முன்பக்கத்தில் இருக்கிற கண் தெரியாத பெட்டியை வைத்திருந்தால், அந்தக் கிசுகிசுப்பை இழுத்துத் தூக்கிக் கொடுத்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. அவர் மட்டுமா, பூக்கொடி வரைந்து பெயர் எழுதினவள் நான்.

"ஜெயா வாணாம்னுதான் சொல்லிச்சு" என்றது அந்த அம்மா. "நான்தான், உன் அண்ணன் பதிலு வந்துடும், நீ வாய மூடிக்கினு இருன்னு அடக்கி வெச்சன். தாலி கட்ற அன்னிக்கிகூட எம் மூஞ்சியவே பாத்துச்சு. போன வாரம் வந்துச்சு. கைல வளையல் இல்ல. ஏண்டின்னா சிரிக்குது."

எனக்கு மாரிமுத்து மேல் கோபம், அந்த மடுகரைக்காரன் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் அடுத்தவர் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று தெருவைப் பார்த்து நின்ற இந்த நல்ல மனிதர் மேல் கோபம். ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் போதுமே. திருகை நாலு எண் மேலே திருப்ப எத்தனை நேரம் ஆகும்?

"அம்மா" என்றார். "இப்ப பேசுங்கம்மா. நடந்தது அத்தினியும் சொல்லுங்க. நான் கூடவே இருந்து ஒவ்வொரு வார்த்தையா பாத்து ஏத்தறன்."

"சொல்லி?"

அவர் புதுக் கேசட்டை எடுக்கப் போனார், அந்த அம்மா தடுத்தது.

"ரெண்டு வருசத்துக்கு அவன் பாஸ்போர்ட்டு மொதலாளி கையில. வரமுடியாது. அங்க ஒத்தையா கெடந்து இன்னா பண்ணுவான்? என் வாயாலதான் என் தங்கச்சி வாழ்க்க போச்சுன்னு தலைய சுவத்துல மோதிக்குவான்."

"அப்ப நான் பேசறன். தப்பு என்னுது, பதிவு கெட்டதுக்கு நான்தான் காரணம்னு நானே சொல்றன். அவரு மேல ஒண்ணும் இல்லன்னு சொல்றன்."

அந்த அம்மா அவரை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தது. "அப்ப எங்கம்மா அதுல இன்னாதான் சொல்லிச்சுன்னு கேப்பானே தம்பி. அதுக்கு இன்னா சொல்லுவ?"

குற்றத்தை ஒத்துக்கொள்ளக்கூட இவருக்கு வழியில்லாமல் போயிற்று. டெக் மட்டும் தன்பாட்டுக்கு ஓடி, டேப் முடிந்து, டக்கென்று நின்றது.

தனக்கொடி அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. "புதுசு ஒண்ணு போடு. கேட்டிருக்கான் இல்ல, பதிலு சொல்லணும்."

இவர் புதுக் கேசட்டைப் போட்டார். "பேரு... ஊரு சொல்லுங்கம்மா" என்றார்.

"தனக்கொடி. சோம்பட்டு."

திருகை வைத்தார். இந்த முறை எதையும் கழிக்கவில்லை. வெளியேயும் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, விரலைத் திருகிலேயே வைத்திருந்தார்.

"எப்பா வீரப்பா. நான் நல்லா இருக்கறன். நீ பேசனது கேட்டன். நீ பண்ணது சரிதான்பா. அன்னிக்கி கேசட்டுல நானும் அதத்தான் சொன்னன், சரின்னு எழுதிடுன்னுதான் சொன்னன். மெசினு கோளாறு, உனக்குக் கேக்கல. ஜெயா நல்லா இருக்குது. மாப்பிள்ள தங்கமா வெச்சிக்கறாரு. போன வாரம் வந்துச்சு, கை நெறைய வளையல் போட்டுக்கினு வந்துச்சு. அண்ணன் எங்க அண்ணன் எங்கன்னு உன்னியத்தான் கேட்டுச்சு. நீ வேளைக்குச் சாப்புடு. எதையும் மனசுல வெச்சிக்காத."

நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, வாயை மறைக்காமல் பேசியது. மறைக்க எதுவும் இல்லாததால் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முள் சிவப்புக்கு ஒரு கோடு இந்தப் பக்கமாக வந்து வந்து நின்றது. ஒருதரம்கூடத் தாண்டவில்லை, ஒருதரம்கூடக் கீழே படுக்கவில்லை. இப்படி ஒரு பதிவுக்காகத்தான் அவர் அந்த டெக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

முடித்ததும் அந்த அம்மா கேட்டது. "எல்லாம் விழுந்துடுச்சா தம்பி?"

இவர் கேசட்டைச் சுற்றி முதலிலிருந்து போட்டார். பேருக்கும் ஊருக்கும் பிறகு நிறுத்தவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் உட்கார்ந்து கேட்டார். பிறகு காதுக்கருவியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"விழுந்துடுச்சும்மா" என்றார். "ஒரு வார்த்தகூட வுட்டுப்போவல."